13 பேர் கம்பெனிக்கு 100 கோடி டாலர்

கேள்வி: இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டையும் வாங்கியதற்காக ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா மீது அமெரிக்க அரசு போட்ட வழக்கு தோற்றுவிட்டதே. மார்க் ஸக்கர்பெர்க்கின் மின்னஞ்சல்களே கையில் இருந்தும் எப்படி?

பதில்: அவற்றைப் படித்தபோது எனக்கும் வழக்கு ஜெயித்த மாதிரிதான் தோன்றியது. போட்டி போடுவதைவிட வாங்கிவிடுவது மேல் என்று 2008-லேயே எழுதியிருக்கிறார். 2012-ல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்குப் பேசி முடித்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் 13 பேர். இரண்டு வருஷம் கழித்து வாட்ஸ்அப்புக்கு 1,900 கோடி. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

ஆனால் வழக்குப் போட்ட ஃபெடரல் டிரேட் கமிஷன் (வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு) நாடிய சட்டப்பிரிவுப்படி, மெட்டா அன்றைக்கு என்ன நினைத்தது என்பது போதாது. இன்றைக்கும் அது ஏகபோகமாக இருக்கிறது என்று நிரூபித்தாக வேண்டும். 2020 டிசம்பரில் போட்ட வழக்கு, விசாரணைக்கு வந்ததோ 2025 ஏப்ரலில். 'நண்பர்கள், குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ளும் தளங்கள்' என்று ஒரு சந்தையை கமிஷன் வரையறுத்தது. அதற்குள் போட்டியாளர்கள் என்று ஸ்னாப்சாட்டையும் மீவீ என்ற சின்னத் தளத்தையும்தான் காட்ட முடிந்தது. டிக்டாக்கும் யூடியூபும் கோட்டுக்கு வெளியே.

வழக்கு நழுவியது அங்கேதான். இன்ஸ்டாகிராமில் செலவாகும் நேரத்தில் நண்பர்களின் பதிவுகளுக்குப் போவது 7 சதவீதம், ஃபேஸ்புக்கில் 17 சதவீதம் என்கிறது தீர்ப்பு. நம்பாமல் என் போனைத் திறந்து எண்ணினேன். முதல் 20 பதிவுகளில் தெரிந்தவர்கள் போட்டவை இரண்டு. அதில் ஒன்று, முன்பல் விழுந்த என் தங்கை மகளின் படம். மீதியெல்லாம் முன்பின் தெரியாதவர்களின் வீடியோ. டிக்டாக்கில் பார்த்தாலும் அதேதான். அப்படியானால் அதுவும் போட்டியாளர்தானே, மெட்டா ஏகபோகம் என்று எப்படிச் சொல்வது? அப்புறம் நீதிபதி ஜேம்ஸ் போஸ்பெர்க்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025 நவம்பர் 18 அன்று மெட்டாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

கேள்வி: 2012-ல் இதே கமிஷன்தானே இன்ஸ்டாகிராமை வாங்க விட்டது? பிறகு வழக்குப் போடுவது என்ன நியாயம்?

பதில்: சட்டம் இடம் தருகிறது. அன்றைக்கு விசாரணையை முடித்துக்கொண்டார்கள் என்பதற்காக அது நற்சான்றிதழ் ஆகிவிடாது. என் வருத்தம் காலதாமதத்தில். மாநிலங்கள் சேர்ந்து போட்ட தனி வழக்கு, 'இத்தனை வருஷம் எங்கே போனீர்கள்?' என்ற காரணத்துக்காகவே 2021-ல் தள்ளுபடியானது. மேல்முறையீட்டிலும் 2023-ல் அதே கதி. பிரிட்டனைப் பாருங்கள். நகரும் குட்டிப் படங்கள் தரும் ஜிஃபியை ஃபேஸ்புக் 2020-ல் வாங்கியது, 2021-லேயே 'விற்றுவிடு' என்று உத்தரவு போட்டார்கள், 2023-ல் ஷட்டர்ஸ்டாக் என்ற புகைப்பட நிறுவனம் 5.3 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. சூட்டோடு சூடாகக் கேட்டதால் பிரிக்க முடிந்தது. 13 பேராக இருந்தபோது கேட்டிருந்தால் இன்ஸ்டாகிராம் தனியாக வளர்ந்து எப்படி ஆகியிருக்கும் என்று பார்த்திருப்போம். அந்த வாய்ப்பு போனதுதான் எனக்கு ஆறவில்லை.

கேள்வி: இலவச ஆப்பில் நமக்கு என்ன நஷ்டம்?

பதில்: நம் விவரங்கள். வாட்ஸ்அப் கணக்கையும் ஃபேஸ்புக் கணக்கையும் தானாக இணைக்க நம்பகமான வழியில்லை என்று 2014-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் சொன்னார்கள். 2016-ல் வாட்ஸ்அப்பின் விதிமுறைகளை மாற்றி, இணைக்க வழி செய்தார்கள். தவறான தகவல் தந்ததற்காக 2017-ல் 11 கோடி யூரோ அபராதம் விழுந்தது. வாங்கியதற்குக் கொடுத்த அனுமதியை மட்டும் யாரும் தொடவில்லை.