ஸ்காட்லாந்தில் பர்ன்ஸ் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். அங்கே என்ன நடக்கும்? மாட்டிறைச்சியும் மதுவும் தொடாதவர் போகலாமா?

தாராளமாகப் போகலாம். எடின்பரோவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பதாகவும், உடன் வேலை பார்ப்பவர் ஜனவரி 25 அன்று ஊர் மண்டபம் ஒன்றில் நடக்கும் பர்ன்ஸ் விருந்துக்கு அழைத்திருப்பதாகவும், ஆட்டிறைச்சி உண்டாலும் மாட்டிறைச்சி உண்பதில்லை, மது அருந்துவதில்லை, ஸ்காட்லாந்தின் தேசியக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் கவிதை ஒன்றுகூடத் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவற்றுள் முதல் இரண்டுக்கும் மிக எளிதாக வழி உண்டு. மூன்றாவதைத்தான் போவதற்கு முன் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நான் கிளாஸ்கோவில் வசிக்கிறேன். அங்கும் அயர்ஷயரிலும் இத்தகைய விருந்துகளுக்குச் சென்று வருகிறேன். பெயரில் விருந்து இருந்தாலும் அது கவிதையை உரக்கச் சொல்லிக் கேட்பதற்காகக் கூடும் கூட்டம். கவிதை தெரியாமல் போகிறவருக்கு அந்த இரவு ஒரு சாதாரணச் சாப்பாடாகவே முடிந்துவிடும்.

இந்த வழக்கம் தொடங்கிய கதையே இதற்குச் சான்று. பர்ன்ஸ் 1759 ஜனவரி 25 அன்று அயர்ஷயரின் அலோவே கிராமத்தில், அவருடைய தந்தை தம் கையாலேயே மண்ணால் கட்டிக் கூரை வேய்ந்த வீட்டில் பிறந்தார். 1796 ஜூலை 21 அன்று டம்ஃப்ரீஸில் 37 வயதில் இறந்தார். அவர் இறந்து சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1801 ஜூலை 21 அன்று, அவரை அறிந்தவர்களும் அவருடைய கவிதையை விரும்பியவர்களுமாக ஒன்பது பேர் அதே அலோவே வீட்டில் கூடினார்கள். அந்த வீடு அதற்குள் கைமாறி மதுக்கடையாகிவிட்டிருந்தது. கூட்டத்தை ஏற்பாடு செய்தவர் ஹாமில்டன் பால் என்ற பாதிரியார்; திருச்சபைப் பெரியவர்களின் பாசாங்கைப் பர்ன்ஸைப் போல் கிழித்தெழுதியவர் அந்தக் காலத்தில் வேறொருவர் இல்லை என்பதை நினைத்தால் இது வேடிக்கைதான். அன்று ஆட்டு உறுப்புகளால் ஆன ஹாகிஸ் என்ற உணவும் ஆட்டுத்தலையும் உண்டார்கள், ஹாகிஸைப் பற்றிப் பர்ன்ஸ் எழுதிய கவிதையைச் சொன்னார்கள், அவர் நினைவாகக் கோப்பை உயர்த்தினார்கள். இன்றுவரை விருந்தின் எலும்புக்கூடு அதுதான். கிரீனாக் நகரத்து வணிகர்கள் தொடங்கிய பர்ன்ஸ் மன்றம் இதைப் பிறந்த நாளுக்கு மாற்றி 1802 ஜனவரி 29 அன்று கொண்டாடியது. பிறகு அயர் நகரத்துத் திருச்சபைப் பதிவேட்டைப் பார்த்தபோதுதான் பிறந்த நாள் 25 என்று தெரிந்து திருத்திக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி வரிசை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றே. தலைவர் வரவேற்ற பின், செல்கர்க் பிரார்த்தனை என்ற நான்கு வரிகள் சொல்லப்படும். "சிலரிடம் உணவு உண்டு, உண்ண முடியாது, சிலரால் உண்ண முடியும், உணவு கிடையாது, நம்மிடம் உணவும் உண்டு, நம்மால் உண்ணவும் முடியும், ஆகவே ஆண்டவனுக்கு நன்றி" என்பது அதன் சாரம். இது பர்ன்ஸுக்கு முன்பே தென்மேற்கு ஸ்காட்லாந்தில் வழங்கியது. செல்கர்க் பிரபுவின் விருந்தில் பர்ன்ஸ் சொன்னதாகப் பேசப்படுவதால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்து சூப் வரும். கோழியும் லீக்ஸும் சேர்ந்த காக்-ஏ-லீக்கி அல்லது புகையூட்டிய ஹாடாக் மீனும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கல்லன் ஸ்கிங்க் இருக்கும். அதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள், ஏனெனில் அடுத்து வருவதற்கு எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும்.

ஹாகிஸ் வரும் அந்தப் பத்து நிமிடங்களுக்காகவே நான் ஒவ்வொரு முறையும் போகிறேன். பைப் என்ற ஸ்காட்லாந்துத் துருத்தி இசைக்கருவியை வாசிப்பவர் முன்னே நடக்க, சமையற்காரர் தட்டை இரு கையாலும் ஏந்தி அவர் பின்னே வர, அவருக்குப் பின்னால் ஒருவர் விஸ்கியைத் தூக்கிவர, மண்டபம் முழுவதும் தாளத்தோடு கைதட்டும். சிறிய மண்டபத்தில் பைப்பின் ஓசை காதைப் பிளக்கும். மேசையில் கண்ணாடிக் கோப்பைகள் அதிர்வதைப் பார்க்கலாம். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கொத்தி, ஓட்ஸ், வெங்காயம், கொழுப்பு, மிளகு முதலியவற்றோடு கலந்து இரைப்பைக்குள் அடைத்து வேகவைத்ததுதான் ஹாகிஸ். இன்று பெரும்பாலும் செயற்கைத் தோலில் அடைக்கிறார்கள். ஆங்கிலேயர் சிலர் முகம் சுளிப்பார்கள். ஈரலும் குடலும் சமைக்கும் வீட்டில் வளர்ந்த நமக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றும் இல்லை. மிளகு தூக்கலாக இட்ட ஈரல் வறுவலில் ஓட்ஸைச் சேர்த்ததுபோல் இருக்கும்.

தட்டு மேசைக்கு வந்ததும் ஒருவர் அதன் முன் நின்று, 1786-இல் பர்ன்ஸ் எழுதிய எட்டுப் பத்திக் கவிதையை மனப்பாடமாக, ஹாகிஸைப் பார்த்தே சொல்வார். இது முகத்தை நேரே பார்த்துப் பாடும் புகழ்ச்சிப் பாட்டு: "நேர்மையான, கொழுகொழுத்த உன் முகம் வாழ்க" என்று தொடங்கி, தோலில் அடைத்த புட்டிங் இனத்துக்கே நீ தலைவன் என்று முடிசூட்டி, அதன் பின்புறத்தைத் தொலைதூரத்து மலைக்கு ஒப்பிடுகிறது. தோலின் துளைகளில் கசியும் ஈரத்தை அம்பர் மணிகள் என்கிறது. பக்கத்து மேசையில் இருந்தால் அந்த மணிகளை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம்; விளக்கு வெளிச்சத்தில் கொழுப்புத் துளிகள் பழுப்பு நிறத்தில் மின்னும். மூன்றாம் பத்தியில் உழைப்பாளி தன் கத்தியைத் துடைக்கிறான் என்ற வரி வரும்போது சொல்பவர் தம் கத்தியைச் சட்டைக் கையில் இருபுறமும் துடைப்பார். வெட்டும் வரியில் குத்திக் கீறுவார். ஆவி குபுகுபுவென்று கிளம்பும். அந்தக் கணத்தில் "எத்தகைய காட்சி" என்று கவிதையே சொல்லும். ஆவியும் வரியும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பதில்தான் சொல்பவரின் திறமை இருக்கிறது. சமையலறையில் முன்கூட்டியே மெல்லக் கீறி வைக்காவிட்டால் சூடான உள்ளீடு முன்வரிசையில் இருப்பவர்கள்மீது தெறிக்கும் என்பதால் அனுபவசாலிகள் அதைச் செய்துவிடுவார்கள்.

வேடிக்கைக்கு நடுவே அந்தக் கவிதை ஒரு வழக்கையும் முன்வைக்கிறது. பிரெஞ்சு ரகூ முதலிய நாசூக்கான உணவுகளை உண்பவனைக் காய்ந்த கோரைப்புல் போன்றவன் என்று கேலி செய்து, ஹாகிஸ் உண்டு வளர்ந்த நாட்டுப்புறத்தான் நடந்தால் பூமி அதிரும் என்கிறது. மலிவான உறுப்புகளால் ஏழை வீட்டில் ஆன உணவைத் தலைநகரத்துச் செல்வர்களின் மேசைக்கு எதிரே நிறுத்தியவர், தாமே ஏர் பிடித்து உழுதவர். கடைசி வரியில் சொல்பவர் தட்டைத் தலைக்குமேல் தூக்க, எல்லாரும் கோப்பையை உயர்த்தி "ஹாகிஸ்" என்று முழங்குவார்கள்.

இனி உங்கள் உணவுக் கேள்விக்கு வருகிறேன். ஆட்டு உறுப்புகளால் ஆனது என்று சொன்னாலும், கடைகளில் விற்கும் ஹாகிஸ் பலவற்றில் மாட்டுக் கொழுப்பு சேர்கிறது. ஆகவே உங்கள் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிச் சைவ ஹாகிஸ் கேட்டுவிடுங்கள். இதில் யாரும் வியப்படைய மாட்டார்கள். பருப்பு, பீன்ஸ், காரட், ஓட்ஸ் ஆகியவற்றால் ஆன அதை எடின்பரோவின் மக்ஸ்வீன் நிறுவனம் 1984-இல் செய்தது. செய்ததும் ஸ்காட்லாந்துக் கவிதை நூலகத்தின் திறப்பு விழாவுக்காகத்தான். இரண்டுக்கும் துணையாக நீப்ஸ், டாட்டீஸ் என்று மசித்த மஞ்சள் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் வரும். இனிப்பாகப் பாலாடை, ராஸ்பெரி, தேன், வறுத்த ஓட்ஸ் கலந்த கிரானகன் கொடுத்தால், அதில் விஸ்கி கலந்திருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். கோப்பை உயர்த்துவதற்குத் தண்ணீர் போதும். அயர்ன் ப்ரூ என்ற ஆரஞ்சு நிறக் குளிர்பானத்தோடு நிற்கும் ஸ்காட்லாந்துக்காரர்களையும் பார்ப்பீர்கள். மதுவுக்கு வரி வசூலிக்கும் அதிகாரியாகவே பர்ன்ஸ் கடைசி ஆண்டுகளில் சம்பளம் வாங்கினார் என்பதை யாராவது நினைவூட்டுவார்கள்.

சாப்பாடு முடிந்ததும் வரும் "அழியா நினைவு" என்ற உரைதான் இரவின் நடுநாயகம். சிலர் பழைய செய்திகளையே அரைமணி நேரம் அடுக்கி மண்டபத்தைத் தூங்கவைப்பதும் உண்டு. நன்றாகப் பேசுகிறவர் ஒரே ஒரு கவிதையையோ வாழ்வின் ஒரே ஓர் ஆண்டையோ எடுத்துக்கொள்வார். நான் கேட்டவற்றுள் மனத்தில் நின்றது 1786-ஆம் ஆண்டைப் பற்றிய உரை. பண்ணையில் நஷ்டம், காதலி ஜீன் ஆர்மரின் தந்தையோடு பகை ஆகியவற்றால் நொந்த பர்ன்ஸ், ஜமைக்காவின் தோட்டம் ஒன்றில் கணக்கராக வேலைக்குப் போக முடிவு செய்திருந்தார். அது அடிமைகளை வைத்து நடந்த தோட்டம். அந்த ஆண்டு ஜூலை 31 அன்று கில்மார்னக்கில் அச்சான அவருடைய முதல் தொகுப்பு, 612 பிரதிகளும் விரைவில் விற்றுப் புகழ் தந்ததால், அவர் கப்பலேறாமல் எடின்பரோவுக்குப் போனார். "எப்படியிருந்தாலும் மனிதன் மனிதன்தான்" என்று பின்னர் 1795-இல் பாடியவர் இவர்தான். 1999-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் திறக்கப்பட்டபோது பாடப்பட்டதும் அந்தப் பாட்டுத்தான். அந்த உரையாளர் இவ்விரண்டையும் அருகருகே வைத்துவிட்டு, எதையும் பூசி மெழுகாமல் கோப்பையை உயர்த்தச் சொன்னார். அப்படி உயர்த்துவதற்கு மனம் சற்றுத் தயங்கியது. நல்ல உரை அதைத்தான் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன்.

அடுத்து பெண்களுக்கு ஓர் ஆண் சொல்லும் வாழ்த்தும், அதற்கு ஒரு பெண்ணின் பதிலும் வரும். வாழ்த்து பெரும்பாலும் பழைய கணவன் மனைவி நகைச்சுவை. பதிலுரை ஏறக்குறைய எப்போதும் அதைவிடக் கூர்மை. பழைய மன்றங்கள் சிலவற்றில் நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே அமர்ந்தார்கள் என்பதையும் பதில் சொல்பவர் சும்மா விடமாட்டார்.

பின்னர் பாட்டும் கவிதையும். இங்கேதான் விருந்தாளிகளையும் கேட்பார்கள். மறுத்தால் வற்புறுத்த மாட்டார்கள். ஒருமுறை நான், 1785 நவம்பரில் ஏர் முனையில் கலைந்துபோன எலிக் கூட்டைக் கண்டு பர்ன்ஸ் எழுதிய கவிதையின் சில பத்திகளைத் தமிழில் சொன்னேன். ஒரு வார்த்தையும் புரியாத மேசையில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மூலத்தை உதட்டளவில் கூடவே சொல்லிக்கொண்டு வந்து, நான் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டதைச் சைகையால் காட்டினார். ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் ஜனவரி மாதத்தில் குழந்தைகள் இந்தக் கவிதைகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது வழக்கம் என்பதால் வயதானவர்களுக்கு அவை நாக்கிலேயே இருக்கின்றன. நீங்கள் போவதற்கு முன் ஹாகிஸ் கவிதையையும் எலிக் கவிதையையும் பொருளோடு வாசித்துவிடுங்கள். நேரமிருந்தால் "டாம் ஓ ஷான்டர்" வாசியுங்கள். குடித்துவிட்டுப் புயலில் வீடு திரும்பும் டாம், பாழடைந்த தேவாலயத்தில் சூனியக்காரிகளின் நடனத்தைக் கண்டு வாய்விட்டுக் கத்த, அவனைத் துரத்தியவள் கையில் அவனுடைய குதிரையின் வால் மட்டும் சிக்கும் கதை அது. அலோவேயில் அந்தத் தேவாலயத்தின் சுவர்களும் அவன் தப்பிக் கடந்த பாலமும் இன்றும் நிற்கின்றன. ஸ்காட்ஸ் மொழியில் கேட்கும்போது பாதிச் சொற்கள் புரியாது, ஆனால் கதை தெரிந்தால் குதிரையின் ஓட்டம் காதில் விழும்.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கில்ட் என்ற கட்டம் போட்ட ஸ்காட்லாந்துப் பாவாடை கட்டாயம் அன்று. ஊர் மண்டப விருந்துக்குக் கோட்டும் டையும் போதும், பட்டுப் புடவைக்கும் வேட்டிக்கும் நல்ல வரவேற்பு உண்டு. நேரத்தோடு போய்விடுங்கள், பைப் ஒலிக்கும்போது கதவைத் திறந்துகொண்டு நுழைவது சங்கடம்.

முடிவில் எல்லாரும் வட்டமாக நின்று "ஆல்ட் லாங் ஸைன்" என்ற பர்ன்ஸின் பாட்டைப் பாடுவார்கள். மெட்டு உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். சென்னை பரங்கிமலை இராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாதெமியின் நிறைவு அணிவகுப்பில் ஒலிப்பதும் அதுவே. முதலில் பக்கத்தில் இருப்பவர்களின் கைகளைச் சாதாரணமாகப் பற்றிக்கொள்ள வேண்டும். "இதோ என் கை, நண்பனே" என்ற கடைசிப் பத்தி வரும்போதுதான் கைகளை மார்புக்குக் குறுக்கே மாற்றிக் கோக்க வேண்டும். பாதிப் பேர் முதல் வரியிலேயே குறுக்கே கோத்துவிடுவார்கள். எது சரி என்று அந்த நேரத்தில் உங்கள் நண்பருக்குச் சொல்லிக்கொடுக்க முற்படாதீர்கள்.