மேஜிக் த கேதரிங் சீட்டு விளையாட்டுப் போட்டியில் எதிராளி வேண்டுமென்றே நேரம் கடத்தினால் ஜட்ஜை (நடுவரை) அழைக்கலாமா? அது மரியாதைக் குறைவா?

தாராளமாக அழைக்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. இப்படிச் சந்தேகம் வரும்போது கேட்கத்தானே ஜட்ஜ் இருக்கிறார்!

இந்தப் போட்டிகளில் மூன்றில் இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டிய சுற்றுக்குப் பொதுவாக 50 நிமிடம். நேரம் முடிந்ததும் கூடுதலாக 5 டர்ன்கள் (ஆடும் முறைகள்) மட்டுமே. அதற்குள் இரண்டாவது ஆட்டம் முடியாவிட்டால், 1-0 என முன்னிலையில் இருப்பவருக்கே சுற்று போய்விடும். அவருக்கு இழுத்தடிக்கும் ஆசை வருவது இதனால்தான்.

யோசித்து யோசித்து மெதுவாக ஆடுவது வேறு, லாபத்துக்காக நேரத்தை விழுங்குவது வேறு. முன்னதில் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் எச்சரிக்கை உண்டு. பின்னது நிரூபணமானால் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். எண்ணத்தை எடைபோடுவது ஜட்ஜின் வேலை. எனவே "ஏமாற்றுகிறார்" என்று நீங்கள் சொல்லாதீர்கள். முதலில் எதிராளியிடமே, "கொஞ்சம் வேகமாக ஆடலாமா?" என்று கேளுங்கள். மாறவில்லையென்றால் கையைத் தூக்கி ஜட்ஜை அழைத்து, "ஆட்டத்தின் வேகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பலர் தவறுவது நேரத்தில்தான். கடைசி 5 நிமிடத்தில் அழைத்தால் ஜட்ஜ் கவனிப்பதற்கு எதுவும் மிச்சமிருக்காது. 20 நிமிடம் மீதமிருக்கும்போதே அழையுங்கள். ஒரு தீர்ப்புக்காக ஆட்டம் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் அந்த நேரத்தைக் கூட்டித் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். தீர்ப்பு தவறென்று பட்டால் தலைமை ஜட்ஜிடம் மேல்முறையீடு செய்யலாம்; அவர் சொல்வதே முடிவு.

உங்கள் டெக்கே (நீங்கள் ஆடும் சீட்டுக்கட்டே) மெதுவானது என்றால், வேகத்துக்கான பொறுப்பு உங்களுக்கும் உண்டு.