சட்டப் பக்கம்: ஆலைக் கழிவு, கெட்ட கிணறு, ஓடைமேல் பட்டா

வாணியம்பாடி வட்டத்திலிருந்து ஒரு விவசாயி: எங்கள் நிலத்துக்கு மேல்புறம் தோல் பதனிடும் ஆலை இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது, தென்னையில் குரும்பை கொட்டுகிறது. தனியார் லேபில் கொடுத்தால் 'குரோமியம் இல்லை' என்று வருகிறது. இனி என்ன செய்வது?

நீங்கள் தேட வேண்டியது உப்பை. குரோமியத்தை மட்டும் தேடியிருக்கிறீர்கள். பச்சைத்தோல் அழுகாமல் இருக்க உப்புத் தடவித்தான் ஆலைக்கு வரும். முதல் வேலை அதை ஊறவைத்து அலசுவது. அந்தத் தண்ணீரில் போகும் குளோரைடு மண்ணில் எங்கும் தங்காது, நேரே நிலத்தடி நீரில் போய்ச் சேரும். பதனிடப் பயன்படும் குரோமியமோ பெரும்பாலும் மேல்மண்ணிலும் வாய்க்கால் கசடிலும் படிந்துவிடும். கிணற்றில் குரோமியம் மட்டும் பார்த்து வாங்கிய அறிக்கையை நாளைக்கு எதிர்த்தரப்பே உங்களுக்கு எதிராக நீட்டும்.

மறுபடியும் சோதியுங்கள். கிணற்று நீரில் டிடிஎஸ் (கரைந்துள்ள மொத்த உப்புகள்), குளோரைடு, சோடியம், மொத்தக் கடினத்தன்மை, பிஎச் (அமில-காரத் தன்மை). குரோமியத்தை வாய்க்கால் ஓர மண்ணில், 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி (ஐஎஸ் 10500) டிடிஎஸ் லிட்டருக்கு 500 மி.கி., குளோரைடு 250 மி.கி. வரை நல்லது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் முறையே 2,000, 1,000 வரை பொறுக்கலாம். மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் அது உவர் நிலம்.

மாதிரி எடுப்பதில்தான் பல வழக்குகள் தோற்கின்றன. போர்வெல் என்றால் மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். குழாயில் தேங்கிய தண்ணீர் எதையும் சொல்லாது. இரண்டு லிட்டர் புது பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். கேன்மேல் சர்வே எண், தேதி, நேரம், நீர்மட்ட ஆழம் எழுதுங்கள். அங்கீகாரம் பெற்ற ஆய்வகமாகப் பார்த்துக் கொடுங்கள். ஆலைக்கு மேட்டுப்புறத்தில், கழிவு எட்டாத ஒரு கிணற்றிலும் அதே நாளில் மாதிரி எடுப்பது கட்டாயம். இல்லையென்றால் 'இந்தப் பாறைக்கு இயற்கையாகவே உப்புத் தண்ணீர்தான்' என்ற பதில் வரும், அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை எடுங்கள்.

அறிக்கையை இணைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். 'நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிக்காமல், 1974 நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவின்படி ஆலையின் கழிவுநீரை மாதிரி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆலைக்கு நோட்டீஸ் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து எடுத்தால்தான் அது ஆலைமீதான வழக்கில் சாட்சியமாக நிற்கும். கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஆலையின் இசைவாணை (ஆலை நடத்த வாரியம் தரும் அனுமதி) நகலைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவு, அது எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் ஓடையில் ஓடினால் மீறல் அங்கேயே நிரூபணம். உங்கள் கிணற்றைக் காட்டி வாதாட வேண்டிய பாதி வேலை குறைந்துவிடும்.

அதே வாசகர்: இழப்பீடு கேட்க எங்கே போவது? எவ்வளவு செலவாகும்?

சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு. உரிமையியல் நீதிமன்றத்தில் போட்டால் 2010 பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். இழப்பீடு கேட்டால் கேட்கும் தொகையில் நூற்றுக்கு ஒன்று, குறைந்தது 1,000. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே கிடையாது. சிலர் ஆவேசத்தில் ஐந்து கோடி என்று எழுதிவிட்டு ஐந்து லட்சம் கட்ட முடியாமல் நிற்கிறார்கள். பயிர், மரம், மாடு, கிணறு என்று தனித்தனியாகக் கணக்குப் போட்டு, வருவதைக் கேளுங்கள்.

இதைவிட முக்கியம் காலக்கெடு. 'ஆலையை நிறுத்து' போன்ற மனுவுக்கு (14ஆம் பிரிவு) ஆறு மாதம். இழப்பீட்டுக்கும் நிலத்தைச் சீர்செய்யவும் (15ஆம் பிரிவு) ஐந்து ஆண்டு. தக்க காரணம் காட்டினால் இரண்டுக்கும் மேற்கொண்டு 60 நாள். இரண்டுமே காரணம் 'முதன்முதலில்' எழுந்த நாளிலிருந்து ஓடுகின்றன. 'கடந்த பதினைந்து ஆண்டுகளாகத் துன்பப்படுகிறோம்' என்று மனுவின் முதல் வரியிலேயே எழுதுவது நம் ஊர் வழக்கம். படிக்க உருக்கமாக இருக்கும்; எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அந்த ஒரு வரியே போதும். உப்பு எப்போது ஏறியது, எந்தப் போகம் கருகியது, எந்த ஆண்டு எந்த மரம் பட்டது என்று தேதி வாரியாக எழுதுங்கள். ஆலை விரிவாக்கம், புது இசைவாணை, புதிதாகக் கெட்ட இன்னொரு கிணறு இருந்தால் அதைத் தனியே காட்டுங்கள்.

'மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும்' என்பதை இந்த நாட்டின் சட்டமாக உச்ச நீதிமன்றம் அறிவித்ததே உங்கள் பாலாற்றுப் படுகை வழக்கில்தான், 1996இல். தோல் ஆலைப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆலைக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். ஆனால் இழப்பீடு முழுதாக வந்து சேராமல், 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மறுபடியும் தலையிட்டு, விடுபட்டவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. தத்துவத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் நடுவே ஏறக்குறைய முப்பது ஆண்டு.

திருப்பூர் பக்கத்திலிருந்து: சாய ஆலைக்காரர், 'இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஓடையில்தான் விடுகிறோம், எங்களுக்கு அனுபவ உரிமை வந்துவிட்டது' என்கிறார். உண்மையா?

அரைகுறையாகப் படித்த வாதம். பிறர் நிலத்தின்மீது அனுபவத்தால் வரும் உரிமைகளைப் பற்றிய 1882 வசதியுரிமைச் சட்டத்தில் இருபது ஆண்டுக் கணக்கு உண்டுதான். தண்ணீரைக் கெடுக்கும் உரிமைக்கு அந்த இருபது ஆண்டு, ஆலை தொடங்கிய நாளிலிருந்து ஓடாது. உங்கள் நிலத்துக்குப் பாதிப்பு கண்ணுக்குத் தெரியும்படி வந்த நாளிலிருந்துதான் ஓடும் என்று 15ஆம் பிரிவே சொல்கிறது. வெளிப்படையாக அனுபவித்திருக்கவும் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குப் புதைகுழாயில் திறந்துவிட்டதற்கு என்ன பெயர் என்று அவரையே கேளுங்கள். அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில், தன் நிலத்துக்கு ஊறி வரும் தண்ணீரைப் பிறர் அளவுமீறிக் கெடுக்கக் கூடாது என்பது நில உடைமையாளரின் உரிமை என்று உதாரணமாகவே சொல்லியிருக்கிறது.

இதெல்லாம் தனியாருக்கும் தனியாருக்கும் இடையே. ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ நச்சுக்கழிவு விடுவதை நீர்ச் சட்டம் 24ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் தடுத்ததை அனுபவத்தால் உரிமையாக்க முடியாது. திருப்பூர்ச் சாயக்கழிவு பற்றிய நொய்யல் ஆற்று வழக்கில் கழிவை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்று 2006இல் உத்தரவிட்ட சென்னை உயர் நீதிமன்றம், அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சொன்னது. பல பத்தாண்டு ஓடிய ஆலைகளும் அதில் இருந்தன.

நிலம் என் பேரில் இல்லை, குத்தகைக்கு உழுகிறேன். எனக்கு வருமா?

வரும். பாதிக்கப்பட்ட எவரும் மனுச் செய்யலாம் என்கிறது பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. கெட்ட பயிர் உங்களுடையது, நிலம் உரிமையாளருடையது. இரண்டும் தனித்தனி இழப்பு. வாய்மொழிக் குத்தகை என்றால் 1969 குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தில் பேரைப் பதிந்துகொள்ளுங்கள், அடங்கலிலும் (கிராமப் பயிர்க் கணக்கு) உங்கள் பேர் ஏறட்டும். இல்லாவிட்டால் தொகை பட்டாதாரரோடு நின்றுவிடும். நிலமே இல்லாத கூலித் தொழிலாளர்களும் கேட்கலாம்: அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் தொழில், வேலை இழப்பும் ஒரு தலைப்பு. மனுவில் அவர்கள் பேரை யாரும் சேர்ப்பதில்லை. ஊர் மொத்தமாக மனுப் போடும்போது காலனித் தெருவின் பட்டியல் தனியாக இருக்கட்டும்.

கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக உள்ள மனைக்கு 'ஓடைப் புறம்போக்கு' என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. எப்படி?

வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், ஓடையைக் காட்டாது. பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. அதுவே உரிமை மூலம் ஆகிவிடாது. நீர்நிலையைப் பட்டாப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது என்ற போக்கில் உச்ச நீதிமன்றம் 2001இலும் 2011இலும் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது.

நோட்டீஸ் 1905 ஆக்கிரமிப்புச் சட்டம் 7ஆம் பிரிவில் வந்ததா, 2007 ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்திலா என்று முதலில் பாருங்கள். எதுவானாலும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். பதில் தராமல் அமைச்சரைப் பார்க்கப் போகிறவர்களே அதிகம். கணினிப் பட்டாவோடு நிற்காமல், எண்பதுகளின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய அ-பதிவேட்டின் (கிராம நிலப் பதிவேடு) நகலும் புலப்பட (நில அளவை வரைபடம்) நகலும் வாங்குங்கள். பழைய பதிவேட்டில் உங்கள் எண் ரயத்துவாரி (தனியார் பட்டா நிலம்) என்றிருந்தால், பிழை இடையில் ஏறியது. அளவையரைக் கொண்டு மறு அளவை கேட்டு, ஓடை எங்கே போகிறது என்று காட்டச் சொல்லலாம். பழைய பதிவேட்டிலேயே 'ஓடை' என்றிருந்தால் மனையைக் காப்பாற்றுவது கடினம். விற்றவர்மீது பணத்தைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடும் வேலையை உடனே தொடங்குங்கள். கிரயப் பத்திரத்தில் 'வில்லங்கம் வந்தால் ஈடு செய்வேன்' என்ற உறுதிமொழி வாசகம் இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டிப் பாருங்கள்.