எட்டடி தூரத்துக்கு 43 அங்குலமா, 55 அங்குலமா?

வணக்கம். சோபாவிலிருந்து சுவர் எட்டடி தள்ளியிருக்கும் கூடத்துக்கு 43 அங்குலத் தொலைக்காட்சி போதுமா, 55 வேண்டுமா என்றும், சோனி, சாம்சங், எல்ஜி மூன்றில் எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். அம்மா பெரும்பாலும் கேபிளில் தொடர்கள்தான் பார்ப்பார் என்றும் எழுதியிருந்தீர்கள்.

பார்க்கும் தூரத்தை 1.6 ஆல் வகுத்தால் பொருத்தமான திரையளவு கிடைக்கும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. எட்டடி என்பது 96 அங்குலம், விடை 60. ஆகவே 55 உங்களுக்குப் பெரிதல்ல. அதன் அகலம் ஏறத்தாழ நான்கடி என்பதால் அலமாரியை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

ஆனால் எஸ்டி எனப்படும் தெளிவு குறைந்த அலைவரிசைகள் அத்திரையில் மங்கலாகவே தெரியும். அதைத் தொலைக்காட்சியின் குறையென்று எண்ணாமல், எச்டி எனப்படும் உயர்தெளிவு செட்டாப் பாக்ஸுக்கு மாறி, மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை விட்டுவிட்டு எச்டிஎம்ஐ கம்பியில் இணையுங்கள். கேபிளே முதன்மை என்பதால் நான் சோனியையே தேர்வேன். தரம் குறைந்த படத்தைத் திரைக்கேற்பச் சீராக்குவதில் அதற்கு நல்ல பெயர் உண்டு. எனினும், பேனல் எனப்படும் திரைப்பலகையின் வகையையும் பாருங்கள்: பக்கவாட்டில் அமர்ந்து பார்ப்பவர்கள் இருந்தால் ஐபிஎஸ் பேனலும், இருட்டில் படம் பார்ப்பவர்களுக்கு விஏ பேனலும் ஏற்றவை. ஒரே நிறுவனம் மாடலுக்கு மாடல் பேனல் வகையை மாற்றுவதால், மாடல் எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

கடையில் ஓடும் பளபளப்பான 4கே காட்சியைப் பார்த்து முடிவெடுக்காமல், ஒரு சாதாரணத் தமிழ் அலைவரிசையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உள்ளதா என்பதையும் பணம் கட்டுமுன் விசாரித்துவிடுங்கள்.