டார்ச் பல்பு எரியவில்லை, ஒயர்தான் சுடுகிறது. ஏன்?

செல்லின் இரண்டு முனையிலிருந்தும் ஒயர் எடுத்து, இரண்டையும் டார்ச் பல்பின் அடியில் தொட்டுப் பார்த்தும் எரியவில்லை, ஒயர்தான் சுடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒயரை எடுத்துவிடுங்கள். ஒயர் சுடுகிறதென்றால் மின்சாரம் தாராளமாகவே ஓடுகிறது. பல்பின் இழை வழியாகத்தான் போகவில்லை.

பல்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு கம்பிகள் நிற்கும். அவற்றின் நுனிகளுக்கு நடுவே மிக மெல்லிய சுருள் ஒன்று இருக்கும், அதுதான் டங்ஸ்டன் இழை. ஒரு கம்பி கீழே இறங்கி, அடியிலுள்ள ஈயப் பொட்டில் முடிகிறது. இன்னொன்று பக்கவாட்டு உலோக உறையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பொட்டுக்கும் உறைக்கும் இடையே ஒரு வளையம் தெரிகிறதா? அதன் வழியாக மின்சாரம் பாயாது. பல்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பாகம் அதுதான். அது இருப்பதால்தான் மின்சாரம் வேறு வழியின்றி இழைக்குள் ஏறி இறங்குகிறது.

நீங்கள் இரண்டு ஒயரையும் பொட்டிலேயே வைத்ததால் மின்சாரம் அங்கே வந்து அப்படியே திரும்பிவிட்டது. ஷார்ட் சர்க்யூட் என்பது இதுதான். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் என்று போட்டிருக்கும் பல்பின் இழை, எரியும்போது சுமார் 8 ஓம் தடை தரும். ஒரு சாண் செம்பு ஒயரின் தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. தடுக்க ஆளில்லாததால் மின்னோட்டம் எகிறி, ஒயரும் செல்லும் சூடாகின்றன.

சரி, இப்போது எரியவைப்போம். ஒரே ஒயர் போதும். பல்பின் பொட்டைச் செல்லின் மேல்குமிழில் நிறுத்துங்கள். பிளாஸ்டிக் உரித்த ஒயரின் ஒரு நுனியைச் செல்லின் அடித்தகட்டில் அழுத்திக்கொண்டு, மறுநுனியை உறையின் பக்கவாட்டில் தொடுங்கள். 1.5 வோல்ட் செல் ஒன்றுதான் என்றால் மங்கலாக, கொஞ்சம் சிவந்து எரியும். இரண்டு செல்லை ஒரே திசையில் வரிசையாக வைத்தால் பளிச்சென்று இருக்கும். செல்லைத் தலைகீழாகத் திருப்பினாலும் எரியும்.

அப்புறம், பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இழைக்குள் எவ்வளவு போகிறதோ அவ்வளவும் செல்லுக்குத் திரும்புகிறது. செலவாவது செல்லின் வேதிப்பொருட்களில் உள்ள ஆற்றல். தடை பெரும்பாலும் இழையில்தான் இருக்கிறது, அதனால் அந்த ஆற்றலும் பெரும்பாலும் அங்கேதான் வெப்பமாகிறது. ஒயர் குளிர்ந்தே இருக்க, இழை மட்டும் 2000 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ந்து ஒளிர்வது அதனால்தான்.

இதையே வெள்ளை எல்.இ.டி.யில் செய்ய வேண்டாம். அதற்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், பிளஸ் மைனஸ் மாறினாலும் எரியாது.