டிரம் வரவில்லை, டிஸ்க் வரவில்லை: வீட்டில் பிரேக் பிரிப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

தை பிறந்ததும் புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து எனக்கு ஒரே மாதிரிக் கேள்விகளாக வரும். மழைக் காலம் முழுக்க வெளியே நின்ற வண்டி, பிரேக் பார்க்கலாம் என்று வீலைக் கழற்றினால் உள்ளே எதுவும் அசையவில்லை. முத்தியால்பேட்டையில் முப்பது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி நிற்கும் வண்டிக்கும் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் பண்ருட்டியில் நிற்கும் வண்டிக்கும் சக்கரம் மாட்டும் நடுப் பாகமான ஹப்பைத் திறந்து பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காலாப்பட்டு, பழைய ஹோண்டா சிட்டி: அண்ணே, பின் டிரம்மை ஒரு மணி நேரமாக அடிக்கிறேன். இம்மி கூட நகரவில்லை. இன்னும் பெரிய சுத்தியல் வாங்கவா?

வேண்டாம் தம்பி, கையில் இருப்பதையும் கீழே வையுங்கள். டிரம்மை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள்.

சுற்றவே வரவில்லை என்றால், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூ பிடித்திருக்கிறது. வண்டிக்குள் ஹேண்ட் பிரேக் லீவருக்குக் கீழே இருக்கும் கேபிள் நட்டைத் தளர்த்துங்கள். அதிலும் விடவில்லை என்றால், பின்பக்கத் தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஓட்டை இருக்கும். அது வழியாக அட்ஜஸ்டரைத் திருப்பி ஷூவை உள்ளே இழுக்க வேண்டும்.

நன்றாகச் சுற்றுகிறது, வெளியே இழுத்தால் கொஞ்சம் வந்து நின்றுவிடுகிறது என்றால், டிரம்மின் உள்விளிம்பில் தேய்மானத்தால் ஒரு வரப்பு உண்டாகி அது ஷூவில் மாட்டுகிறது. இதற்கும் அட்ஜஸ்டரைத் தளர்த்துவதுதான் வழி. இழுத்துப் பிடுங்கினால் ஷூவைத் தாங்கும் பின்னும் ஸ்பிரிங்கும் சேர்ந்து பிய்ந்து வரும்.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் இம்மியும் வெளியே வரவில்லை என்றால் துரு. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இதுதான். ஹப்பின் நடுக் கழுத்தும் டிரம்மின் நடு ஓட்டையும் சந்திக்கிற அந்த வளையத்தில்தான் துரு கட்டியிருக்கும். கம்பி பிரஷ்ஷால் அந்த வளையத்தைச் சுத்தம் செய்யுங்கள். கூரான ஊசியால் இடுக்கைச் சுரண்டிவிட்டு, துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வீல் நட் ஏறும் ஸ்டட்களைச் சுற்றியும் ஒவ்வொரு சொட்டு. நிறைய ஊற்றினால் உள்ளே இறங்கி ஷூவில் பட்டுவிடும். அப்புறம் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். அவசரப்படுகிறவர்கள்தான் டிரம்மை உடைக்கிறார்கள்.

மறுநாள் காலையில், டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்ன ஓட்டைகள் இருக்கிறதா பாருங்கள். டிரம்மைத் தள்ளிக் கழற்றுவதற்கென்றே கம்பெனி வைத்தவை அவை. பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட், 1.25 மரை. மரையில் இருக்கிற துருவைத் துடைத்து எண்ணெய் விட்டு, இரண்டு போல்ட்டையும் கையால் ஏற்றுங்கள். பிறகு ஸ்பேனரால் இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி. ஒரே பக்கம் இறுக்கினால் டிரம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். போல்ட் கனமாகத் திரும்ப ஆரம்பித்ததும் இறுக்குவதை நிறுத்திவிட்டு, ஸ்டட்களுக்கு இடையே தட்டையான முகத்தில் நடுத்தர சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் மொத்தென்று செத்த சத்தம் வரும். துரு விட்ட நொடியில் கணீர் என்று மாறும். அந்தக் கழுத்தைச் சுற்றிக் குங்குமம் கொட்டியது போலச் செந்தூள் உதிரும். அதற்குமேல் இரண்டு கால் சுற்றில் டிரம் கையோடு வந்துவிடும்.

டிரம்மின் வெளி ஓரத்தில் மட்டும் அடிக்கவே கூடாது. அது வார்ப்பிரும்பு. வளையாது, தெறிக்கும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் உட்காராதீர்கள்.

நெல்லிக்குப்பம், ஸ்விஃப்ட்: நீங்கள் சொன்ன மாதிரியே தட்டிப் பார்த்தேன். வரவில்லை சார்.

உங்களுக்கு வேறு கதை. ஸ்விஃப்ட், வேகன்ஆர், ஆல்டோ போன்ற மாருதி வண்டிகள் பலவற்றில் பின் டிரம்மும் ஹப்பும் ஒன்றே. பேரிங் டிரம்முக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு தகர மூடி இருக்கிறதே, அதைத் தட்டிக் கழற்றினால் பெரிய நட் தெரியும். அந்த நட்டைக் கழற்றாமல் நாள் முழுக்க அடித்தாலும் டிரம் வராது, பேரிங்தான் கெடும். நட்டின் கழுத்து ஓரம் உளியால் உள்ளே தட்டி மடக்கப்பட்டிருக்கும். அதை நிமிர்த்திவிட்டுத்தான் திருப்ப வேண்டும். திரும்பப் போடும்போது புது நட் போடுங்கள், கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள், ஓரத்தைப் பழையபடி மடக்குங்கள். சக்கரம் வண்டியில் நிற்பது அந்த ஒரு நட்டை நம்பித்தான்.

நட் எடுத்த பிறகும் வரவில்லையா? வீலை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்து, இரண்டு நட்டை மட்டும் நாலைந்து மரை ஏற்றித் தொளதொளவென்று விடுங்கள். பிறகு டயரை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று வெளியே இழுங்கள். வீலின் கனமே நட்டில் மோதி டிரம்மை இழுத்துவிடும். பட்டறையில் இதற்கென்று இழுப்புச் சுத்தி உண்டு. வீட்டில் வீலே போதும். ஒன்று, வண்டி கெட்டியான ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

கடலூர் முதுநகர், ஆல்டோ: கணவர் வெளிநாட்டில். வீடியோ பார்த்து நானே செய்யலாம் என்று இருக்கிறேன். ஜாக்கி வண்டியிலேயே இருக்கிறது. வேறென்ன வேண்டும் ஐயா?

தாராளமாகச் செய்யலாம் அம்மா. ஆனால் வண்டியோடு வந்த ஜாக்கி பஞ்சர் டயர் மாற்ற மட்டும்தான். டிரம்மை இழுக்கும்போதும் தட்டும்போதும் வண்டி ஆடும். எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது வேலை கற்றுக்கொண்ட பட்டறையில், ஜாக்கிக்குப் பக்கத்தில் சிமெண்ட் ஹாலோ பிளாக்கை வைத்து வேலை பார்த்தார்கள். ஜாக்கி சரிந்தது, கல் பொடிப்பொடியாகப் போனது. உடன் வேலை பார்த்த பையன் எப்போதும் கழற்றிய வீலை வண்டிக்கு அடியில் தள்ளி வைக்கிற பழக்கக்காரன். வண்டி அந்த வீல்மேல் உட்கார்ந்தது. அவன் கை பிழைத்தது. அன்றிலிருந்து இன்று வரை கழற்றிய வீல் என் பட்டறையில் வண்டிக்கு அடியில்தான் கிடக்கும்.

அதனால் இரண்டு ஜாக் ஸ்டாண்டு வாங்குங்கள். பின் பிரேக் வேலைக்கு ஹேண்ட் பிரேக் போட முடியாது. முதல் கியரில் விட்டு, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தரை சிமெண்டாக இருக்க வேண்டும். நம்மூர் மணல் வாசலில் ஸ்டாண்டு புதைந்து சாயும். ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கத்தைப் பிரியுங்கள். ஸ்பிரிங் எது எங்கே என்று குழம்பினால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் இருக்கும்.

உள்ளே இருக்கும் கருந்தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கவும் வேண்டாம். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்தெடுங்கள், முகக்கவசம் போட்டுக்கொண்டு.

அரியாங்குப்பம்: முன் டிஸ்க்கைப் பிடித்திருக்கிற ஸ்கிரூவின் தலை வழுவழுவென்று ஆகிவிட்டது. திருப்புளி சுற்றுகிறது, ஸ்கிரூ சுற்றவில்லை.

அந்த ஸ்கிரூ, வேலை செய்யும்போது டிஸ்க் கீழே விழாமல் பிடிக்கிறதே தவிர வேறொன்றும் இல்லை. ஓடும்போது டிஸ்க்கைப் பிடிப்பது வீல் நட்கள்தான். ஆகவே கவலைப்படாமல் தலையைத் துளைபோட்டு எடுத்துவிடலாம். தலை போனதும் டிஸ்க் வந்துவிடும், மீதிக் கட்டையைக் குறடால் பிடித்துத் திருப்பலாம். இனி மற்ற பக்கத்துக்காவது இம்பாக்ட் டிரைவர் பயன்படுத்துங்கள், சுத்தியலால் தலையில் அடித்தால் அடிக்கு அடி கொஞ்சம் திரும்புகிற அந்தக் கருவி. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய கருவிகளுக்கு நடுவில் தேடினால் அகப்படும்.

வில்லியனூர்: ஸ்கிரூவே இல்லை, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரும் கழற்றிவிட்டேன். டிஸ்க் ஆடுகிறது, வெளியே வரவில்லை.

காலிபரைத் தாங்கும் பிராக்கெட் இன்னும் அங்கேயே இருக்கிறது. பின்னால் இரண்டு பெரிய போல்ட். அதையும் கழற்றுங்கள். காலிபரை ஹோஸில் தொங்க விடாதீர்கள், கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டுங்கள்.

பிராக்கெட் எடுத்தும் துருவால் ஒட்டியிருந்தால், பிராக்கெட் போல்ட் ஏறும் ஓட்டை வழியாக நீளமான போல்ட் ஒன்றைப் பின்னாலிருந்து செலுத்தி, அதில் நட்டும் வாஷரும் போட்டு, டிஸ்க்கின் முதுகைத் தள்ளலாம். கொஞ்சம் தள்ளி, டிஸ்க்கைக் கால் வட்டம் சுற்றி, மறுபடி தள்ள வேண்டும். திரும்பப் போடப்போகும் டிஸ்க்காக இருந்தால் பேட் உரசும் முகத்தில் சுத்தியல் படக்கூடாது.

ரெயின்போ நகர்: ஃபெஞ்சல் புயலில் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. அதன் பிறகு ஓட்டவே இல்லை. இப்போது தள்ளினால் பின் சக்கரம் இழுத்துக்கொண்டு வருகிறது, சுற்றவில்லை.

2024 நவம்பர் 30 இரவை யார் மறப்பார்கள்! ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழை. அதற்கு அடுத்த மாதம் மட்டும் எனக்கு வந்த டிரம்களில் பாதி இந்த மாதிரிதான். ஹேண்ட் பிரேக் போட்டபடி தண்ணீரில் நின்றிருக்கிறது. ஷூவின் லைனிங் டிரம்மோடு துருவால் ஒட்டிக்கொண்டது.

ஆக்ஸிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள். லைனிங் ஷூவிலிருந்து உரிந்து உள்ளே சுருண்டுகொள்ளும், அப்புறம் டிரம்மைக் கழற்றுவது பெரும்பாடு. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, ஆள் வைத்து முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். விடாவிட்டால் வீலைக் கழற்றி, டிரம்மின் வட்டத்தில் மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டுங்கள். டப் என்று ஒரு சத்தத்தோடு விடும்.

அதோடு ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. டிரம்மைத் திறந்து சேற்றைக் கழுவி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை லேசாக விலக்கிப் பாருங்கள். ஈரமோ துருவோ இருந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டும். லைனிங் விரிசல் விட்டிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் புது ஷூ. பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள், அது ஈரத்தை உறிஞ்சும் திரவம். பேரிங்கில் கரகரப்பு இருக்கிறதா என்று சுற்றிக் கேளுங்கள். இனிமேல் மழை நாளில் வீட்டில் நிறுத்தும்போது கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக் வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூர்: எதற்கு இவ்வளவு பாடு? கேஸ் வைத்துச் சூடு காட்டினால் உடனே வந்துவிடாதா?

வரும். கூடவே பேரிங்கின் கிரீஸ், ஏபிஎஸ் சென்சார், ரப்பர் சீல் எல்லாம் போகும். வீட்டில் நெருப்பு வேண்டவே வேண்டாம். இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சூடு காட்டினால் ஃபாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொல்லப் பயன்படுத்திய வாயு அது.

தேவனாம்பட்டினம்: நட் எல்லாம் கழற்றியாயிற்று. அலாய் வீலே ஹப்பை விட்டு வரவில்லை.

அலுமினியமும் இரும்பும் உப்புக் காற்றில் சேர்ந்து இருந்தால் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும். எல்லா நட்டையும் மறுபடி மாட்டி, ஒரு சுற்று மட்டும் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, வாசலிலேயே ஓரடி முன்னே, ஓரடி பின்னே நகர்த்திப் பிரேக் பிடியுங்கள். இரண்டு மூன்று தடவையில் டக் என்று விடும். சாலைக்குக் கொண்டு போகாதீர்கள். வண்டி ஜாக்கியில் நிற்கும்போது டயரை எட்டி உதைப்பதைப் பலர் செய்கிறார்கள். அது ஆபத்து.

லாஸ்பேட்டை: முன் வீலில் ஹூம் என்று சத்தம். பேரிங் என்றார்கள். வீட்டில் மாற்றலாமா?

பேரிங்கைத் தாங்கும் நக்கிளோடு கழற்றுவது வரை வீட்டில் செய்யலாம். பேரிங் அழுத்திப் பொருத்திய வகை என்றால் ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். சுத்தியலால் இறக்கிய புதுப் பேரிங் சீக்கிரமே மறுபடி சத்தம் போடும்.

பாகூர்: புது டிஸ்க், புது பேட் போட்டு மூன்று மாதம்தான். இப்போது பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் தரமில்லை என்கிறார்கள்.

டிஸ்க் மேல் பழியைப் போடுவதற்கு முன் ஒரு கேள்வி. பழைய டிஸ்க்கை எடுத்ததும் ஹப் முகத்தைச் சுத்தம் செய்தார்களா? பெரும்பாலான இடத்தில் செய்வதில்லை. புது டிஸ்க்கை அப்படியே துரு மேல் மாட்டிவிடுகிறார்கள். அந்த இடத்தில் ஒரு துருச் செதில் இருந்தால் போதும், டிஸ்க்கின் ஓரம் சுற்றும்போது தள்ளாடும். பல வண்டிகளில் 0.05 மி.மீ. தள்ளாட்டம்தான் உச்ச வரம்பு. தலைமுடியின் தடிமன் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாது. ஓட ஓட, தள்ளாடும் பக்கத்தைப் பேட் உரசி உரசி டிஸ்க் ஓரிடத்தில் மெலியும். உங்களுக்கு உதறல் மூன்று மாதம் கழித்து வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

டிஸ்க்கைக் கழற்றி, ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் கொண்டு வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்க்கச் சொல்லுங்கள். ஸ்டட்களின் அடியைச் சுற்றி ஒரு துரு வளையம் இருக்கும். அதை விட்டுவிட்டால் மற்ற வேலை வீண். தேய்த்த பிறகு விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தப்புவது விரலுக்குத் தட்டும். டிஸ்க்கை மாட்டி, வீல் நட்களைக் குறுக்கே குறுக்கே இறுக்க வேண்டும். மெலிந்த டிஸ்க்கைக் கடைந்து எடுக்கலாம், ஆனால் அதன் ஓரத்தில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே போகக் கூடாது.

குருசுக்குப்பம்: அடுத்த தடவை ஒட்டாமல் இருக்க என்ன தடவுவது?

சுத்தம் செய்த ஹப் கழுத்திலும் முகத்திலும் காப்பர் கிரீஸோ ஆன்டி சீஸோ, விரல் நுனியில் எடுத்து, துடைத்தெடுத்த மாதிரி மெல்லிய பூச்சு. நட் உட்காரும் இடத்திலும் ஸ்டட் மரையிலும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் அதே அளவு திருப்பலிலும் ஸ்டட் கூடுதலாக இழுபடும். டிஸ்க் முகத்தில் பட்டால் உடனே துடைத்துவிடுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், நாலு வீலையும் கழற்றி மாட்டினாலே பாதித் தொல்லை போய்விடும். அடிப்பக்கம் கழுவுகிறேன் என்று போர்வெல் தண்ணீரை அடிக்காதீர்கள். உங்கள் தெருப் பக்கம் வாயில் விட்டுப் பாருங்கள், உப்புக் கரித்தால் நகராட்சிக் குழாய்த் தண்ணீரில் இரண்டு வாளி ஊற்றினால் போதும்.