திருகோணமலையில் காசு செலவழிக்காமல் மூடாக்கு போட முடியுமா?

கேள்வி கேட்டவரின் வளவு உப்புவெளிப் பக்கம், மணல் தரை. கோடையில் கிணறு உவர்க்கிறதாம். மண்ணின் ஈரம் காயாமல் மேலே பரப்பி மூடுவதுதானே மூடாக்கு, அதற்கு வைக்கோலை விலைக்கு வாங்கிப் போடக் கட்டுப்படியாகவில்லையாம். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "குப்பை மாதிரிக் கிடக்கிறது என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள், இது தேவைதானா?" அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முடியும். தேவையும்தான். நம்மூரில் மூடாக்கை விலைக்கு வாங்கத் தேவையில்லை. அக்கம்பக்கத்து முற்றங்களில் காலையில் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறார்களே, அதுதான் உங்களுக்கு வேண்டிய பொருள். வேப்பிலை, மாவிலை, பூவரசம் இலை, தென்னோலைத் துண்டு எல்லாம் அதில் இருக்கும். நெருப்பு வைக்கும் முன் போய்க் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதே விஷயத்துக்காக என் தோட்டம் பலர் முன்னால் குறைவாகப் பேசப்பட்டது.

2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் நாட்டில் காசும் இல்லை, எரிபொருளும் இல்லை. 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்றார்கள். நானும் அப்போது அரச ஊழியர். ஊர் முழுக்க மிளகாய்க் கன்றும் கத்தரிக் கன்றும் கை மாறின. விதை கொடுத்தார்கள், கூட்டம் வைத்தார்கள், படம் எடுத்தார்கள். ஆனால் நான் போன எந்தக் கூட்டத்திலும், ஜூனில் நடுகிற கன்று, தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் எப்படித் தப்பும் என்று ஒருவரும் பேசவில்லை. நமக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரைதான். மே தொடங்கினால் அந்தக் காற்று தரையைச் சுட்டெடுத்துவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் மணலில் இருக்காது. இது திருகோணமலையில் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

என் அம்மம்மா வேலி அடைக்கும்போது பழைய கிடுகை (பின்னிய தென்னோலையை) கழற்றி, எரிக்காமல் தென்னைக்கும் தேசிக்கும் அடியில் போடுவா. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டங்களில் பழைய பனையோலையை மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். ஆக, இது யாரோ வெளிநாட்டார் சொல்லித் தந்த புதினம் இல்லை. அம்மம்மா செய்ததைத்தான் நான் செய்தேன். பக்கத்து வீட்டு அன்ரி காலையில் சருகைக் கூட்டி முடிக்கும் நேரம் பார்த்து உரப்பையோடு போய் நிற்பேன்.

"அன்ரி, கொளுத்தாதேங்கோ, நான் எடுக்கிறன்."

"உனக்கென்ன விசரே பிள்ளை? சருகை வைச்சு என்ன செய்யப் போறாய்?"

கொஞ்ச நாளில் அவவே பையில் கட்டி வேலிக்கு இந்தப் பக்கம் வைக்கத் தொடங்கினா. புகை இல்லாததால் தன் இளைப்பும் குறைந்திருக்கிறது என்று அவ சொன்னா. அது சருகால்தானா என்று நான் வாதாட வரவில்லை. அவ சொன்னதை எழுதுகிறேன்.

அந்த வருடமே வீட்டுத் தோட்டப் போட்டி ஒன்று வந்தது. நடத்தியவர்கள் யார் என்று எழுத மாட்டேன். பார்க்க வந்தவர்களில் ஒருவர் சப்பாத்து நுனியால் என் கத்தரிப் பாத்தியின் சருகைக் கிளறி, "இதைக் கூட்டி எடுக்க நேரம் கிடைக்கவில்லையோ?" என்று கேட்டார். சருகுக்குக் கீழே மண் ஈரமாக இருந்தது. அதைக் கையால் எடுத்துக் காட்டினேன். அவர் பார்த்தார், அவ்வளவுதான். படிவத்தில் "துப்புரவு" என்று ஒரு கட்டம் இருந்தது, அதில் எனக்கு மிகக் குறைவாகப் போட்டார்கள். பெயிண்ட் அடித்த டயருக்குள் கன்று வைத்து, தரையைத் தும்புத்தடியால் கோடு விழக் கூட்டியிருந்த தோட்டத்துக்குப் பரிசு போனது. அந்த வீட்டுக்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையும் மாலையும் தண்ணீர் அள்ளி ஊற்றிய உழைப்பாளி அவர். என் கேள்வி ஒன்றுதான்: வரண்ட வலயத்தில் வெறும் தரையைச் சுத்தம் என்று எப்படிச் சொல்கிறோம்? காட்டுக்குள் போய்ப் பாருங்கள், எந்த மரத்தின் அடியாவது மொட்டையாக இருக்கிறதா?

பரிசு கிடைக்காத கோபத்தில் எழுதுகிறேன் என்று யாராவது சொல்லலாம். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த ஓகஸ்ட்டில் நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் விட்டேன், கத்தரி வாடவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் உவர்க் கிணற்றுக்கு வருகிறேன், ஏனென்றால் மூடாக்கு அங்கேதான் இன்னும் கூடுதலாக உதவும். வெயிலில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாகாது. அது மேல்மண்ணில் தங்கி வெள்ளையாகப் படியும். நீங்கள் எவ்வளவு கூட ஊற்றுகிறீர்களோ அவ்வளவு உப்பையும் கூடக் கொண்டு வருகிறீர்கள். தரையை மூடினால் ஆவியாவது குறையும், ஊற்றுவதும் குறையும், உப்புச் சேர்வதும் மெதுவாகும். மாரி மழை வந்து மிச்சத்தைக் கழுவிக்கொண்டு போகும்.

இனி எதை எங்கே எடுப்பது. சருகைச் சொல்லிவிட்டேன். பொலித்தீன், பால்மா உறை, ஊசி, கண்ணாடித் துண்டு இருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டுப் போடுங்கள். மாவிலை போன்ற தடித்த இலைகளை நன்றாகக் காயவிட்டுக் காலால் மிதித்து நொறுக்கினால் தண்ணீர் உள்ளே இறங்கும். முழு இலையாக அடுக்கினால் கூரை போட்டது போல வழிந்து ஓடிவிடும். நாலு விரல் மொத்தம் போதும். மண்ணை நன்றாக நனைத்த பிறகுதான் போட வேண்டும். காய்ந்த மண்ணின் மேல் போட்டால் சின்ன மழையைச் சருகே குடித்துவிடும். தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள், இல்லாவிட்டால் மாரியில் கத்தரிக்கும் பப்பாசிக்கும் கழுத்து அழுகும்.

தேங்காய் உரிக்கிற இடத்தில் பொச்சுமட்டை கிடைத்தால் விடாதீர்கள். தென்னை, வாழை, தேசி மூன்றுக்கும் அதைவிட நல்லது இல்லை, சுலபத்தில் உக்காது. ஆனால் குழிப்பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகும். நம்மூரில் டெங்கு விளையாட்டில்லை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால் அதில் நியாயமும் இருக்கிறது. சிரட்டையைத் தோட்டத்துக்குள் போடவே வேண்டாம்.

வேலிக்குச் சீமைக்கிளுவை நட்டிருந்தால், அதுதான் கிளிரிசீடியா, வெட்டிய கிளையின் இலையை உருவி அப்படியே பச்சையாகப் போடலாம். தழைச்சத்து (நைதரசன்) நிறைய உள்ள இலை, சீக்கிரம் உக்கிவிடும். மேலே சருகு, கீழே இது என்று போட்டால் மிளகாய்க்கு நன்றாக ஒத்துவருகிறது. கடைத்தெருவில் அட்டைப்பெட்டி கேட்டால் தருவார்கள். ஒட்டியிருக்கிற டேப்பை உரித்து, நனைத்து, புல்லின் மேல் விரித்துச் சருகால் மூடுங்கள், புல் செத்துவிடும். கோரை மட்டும் சாகாது, அட்டையையும் குத்திக்கொண்டு வரும். அதைக் கிழங்கோடு கிண்டித்தான் எடுக்க வேண்டும்.

மரக்காலையில் கிடைக்கும் மரத்தூளை நடைபாதைக்குப் போடுங்கள். பாத்தியில் மேலாக மெல்லியதாகத் தூவினால் பாதகமில்லை, மண்ணோடு கலந்து கொத்தினால் அது உக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் மஞ்சளாகும். உமி நல்லதுதான், ஆனால் கச்சானில் பறந்து பக்கத்து வீட்டுக் கிணற்றில் விழும், மேலே ஓலை போட்டு அமத்தி வைக்காமல் அதைத் தொட வேண்டாம். கடற்கரையில் ஒதுங்கும் சாதாளை என்ற கடல் தாவரத்தை நேரே கொண்டுவந்து போடாதீர்கள். ஏற்கெனவே உவர்த் தண்ணீர் பாவிக்கிறீர்கள், அதற்கு மேல் உப்பா? ஒரு மாரி மழையில் கிடந்து கழுவுப்பட்ட பிறகு தென்னைக்கு மட்டும் போடலாம். வீதியோரத்துப் புல்லைக் களைநாசினி அடித்த சந்தேகம் இருந்தால் எடுக்க வேண்டாம்.

வைக்கோல் பற்றிச் சொன்னால் மாட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் தரம் வைக்கோல் போட்ட அன்றிரவே கட்டாக்காலி மாடுகள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து, வைக்கோலோடு பயிற்றங்கொடியையும் தின்றுவிட்டுப் போயின. காலையில் பால் கறக்க ஆள் வரும், பின்னேரம் அவிழ்த்து வீதியில் விடுவார்கள். தீனி மற்றவன் தோட்டத்தில். நிலாவெளி வீதியில் இரவில் நடுவில் படுத்திருக்கும், மோட்டார் சைக்கிளில் வந்து மோதி விழுந்தவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பிடிக்கிறோம், தண்டம் அறவிடுகிறோம் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள், கொஞ்ச நாளில் அதே மாடு அதே இடத்தில் நிற்கும். வாயில்லாச் சீவனை நான் குறை சொல்லவில்லை. அதன் பாலில் உழைக்கிறவர்கள் அதற்கு ஒரு பட்டி அடைத்தால் என்ன? இது உங்கள் கேள்விக்கு வெளியே போய்விட்டது, தெரியும். ஆனால் வைக்கோல் போடப் போகிறவருக்கு இதை யாராவது சொல்லத்தான் வேண்டும். வேலி உறுதியில்லை என்றால் வைக்கோலை மெல்லியதாகப் பரப்பி மேலே வேப்பிலைச் சருகு போடுங்கள், என் வளவில் அதன்பிறகு மாடு அவ்வளவாக வாய் வைக்கவில்லை.

பாம்பு வரும், கறையான் வரும் என்று இதன் கீழே எழுத ஆட்கள் இருப்பார்கள். பாம்பு தங்குவது பெரும்பாலும் குவியலில், மட்டை அடுக்கில். பரப்பிப் போட்ட நாலு விரல் சருகில் ஒளிக்க இடம் குறைவு, ஆனால் சின்னப் பாம்பு இருக்கலாம். ஆகவே தடியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கை வையுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கறையான் வரத்தான் செய்யும், காய்ந்த பொருள் அதன் உணவு. வீட்டுச் சுவர், கதவு நிலை பக்கம் போடாதீர்கள், தென்னங்கன்றின் அடியைத் தொடும்படியும் போடாதீர்கள். மாரியில் நத்தை வரும், அப்போது பாத்தியில் மூடாக்கை மெல்லியதாக்கிவிட்டு இரவில் டோர்ச்சோடு பொறுக்குங்கள்.

வைக்கோல்தான் வேண்டும் என்றால் கட்டாக விற்பவரிடம் போகாமல் பெரும்போக அறுவடை முடியும்போது, பெப்ரவரி, மார்ச்சில், தம்பலகாமப் பக்கம் வயல்காரரைக் கேளுங்கள். மெசின் வெட்டிப்போன பிறகு வைக்கோல் வயலிலேயே வரிவரியாகக் கிடக்கும், பலர் அதை அங்கேயே கொளுத்துகிறார்கள். நெற்பயிர் மண்ணில் இருந்து எடுத்த பொட்டாசியத்தின் பெரும்பகுதி அந்த வைக்கோலில்தான் இருக்கிறது. அள்ளிக்கொண்டு போ என்று சும்மா தருகிறவர்கள் உண்டு. லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கூலி மட்டும்தான் செலவு, அதையும் அயலில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து பகிர்ந்தால் பெரிதாகத் தெரியாது. இப்போதே ஒருவரிடம் சொல்லி வையுங்கள், அவர் நெருப்பு வைத்த பிறகு போய்ப் பயனில்லை.